வளர்கிற பிள்ளையைத் தனியே விடுவது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிற ஆசிரியை நான். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்செல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது சிலர் தயங்கி நிற்பார்கள். "மிஸ், இவன் ஒண்ணையும் தானா செய்ய மாட்டேங்கிறான்" என்பார் ஒருவர். "இவ எல்லாத்தையும் தனியாத்தான் செய்வேங்கிறா, பயமா இருக்கு" என்பார் இன்னொருவர். அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லிவருகிற பதில்களும் இவை. எட்டு வயதிலிருந்து பதினைந்து வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் எதை விடலாம்? வயதுவாரியாகச் சொல்ல முடியுமா?

சாலை, வண்டி, வங்கிக் கணக்கு போன்ற சிலவற்றுக்கு வயது உண்டு. அந்தந்தக் கேள்வியில் சொல்கிறேன். மற்றதற்கெல்லாம் வயதை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்துச் செய்கிறாளா? தப்பு நடந்தால் வந்து சொல்கிறாளா? நினைத்தபடி நடக்காவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறாளா? இதில் எனக்குப் பெரிதாகப் படுவது நடுவில் உள்ளதுதான். வந்து சொல்கிற பிள்ளையை நம்பி அனுப்பலாம். சொன்னதற்கு அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை வாய் திறக்காது.

வீட்டில் சொன்ன வேலையெல்லாம் செய்கிறான். ஆனாலும் எதற்கெடுத்தாலும் எங்களையே கேட்கிறானே?

வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள், முடிவைக் கொடுக்கவில்லை. இத்தனை வருடங்களில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

ஆறாம் வகுப்பில் எழுதச் சொன்னால் நாலைந்து பேர் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள். "மிஸ், மார்ஜின் பென்சில்ல போடவா, பேனாவுல போடவா?" "மிஸ், இந்தப் பக்கத்துல மூணு வரிதான் மிச்சம் இருக்கு, அடுத்த பக்கம் போகவா?" நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். கோடு போடத் தெரியாமல் வருவதில்லை, தானாக எடுத்த முடிவு தப்பாகிவிடுமோ என்று பயந்து வருகிறார்கள். வீட்டைப் பற்றி விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். எந்தச் சட்டை என்பதை அம்மா முடிவு செய்கிறார். பையை அப்பா அடுக்குகிறார். எதை முதலில் படிப்பது என்று பாட்டி சொல்கிறார். பிள்ளை தண்ணீர் பிடிக்கிறான், மாடியிலிருந்து துணி எடுத்து வருகிறான், கடைக்குப் போகிறான். ஆனால் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை.

சின்னதிலிருந்து தொடங்குங்கள். காய்கறிக் கடைக்கு அனுப்பும்போது கால் கிலோ கத்தரிக்காயை அவனே பொறுக்கட்டும். கடைக்காரர் அள்ளிப் போடுவதை வாங்கி வர வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு நறுக்கும்போதும் பக்கத்தில் உட்காரட்டும். இரண்டு காயில் புழு ஓட்டை இருக்கும். "பார்த்து வாங்கத் தெரியாதா?" என்று கேட்காமல் ஓட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். அடுத்த தடவை ஒவ்வொரு காயையும் காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து எடுப்பான்.

அப்புறம், அவன் கேட்டு வரும்போது "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். ஆனால் கேட்டுவிட்டு, அவன் சொன்னதைத் தள்ளிவிட்டு நம் விருப்பத்தையே செய்தால், அதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். அவன் பதிலை ஏற்க முடியாத இடத்தில் கேட்காதீர்கள்.

சின்னப் பிள்ளை செய்தால் கொட்டும், உடையும். நாமே செய்தால் சீக்கிரம் முடியுமே?

முடியும். காலை ஏழரைக்கு வேன் வாசலில் நிற்கும்போது ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுக்க முடியாது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. அவருடைய முறையில் மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கு முன்பே தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது எல்லாம் வந்துவிடும். புழங்கக் கொடுப்பதும் உண்மையான கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களைத்தான். கீழே விழுந்தால் உடையும் என்று தெரிந்தால்தான் கை கவனமாகப் பிடிக்கும் என்பது அவர் எண்ணம். நம் வீட்டில் பத்து வயது வரை பிளாஸ்டிக் டம்ளரைக் கொடுத்துவிட்டுக் "கை நிதானமே இல்லை" என்று குறைப்படுகிறோம். கொட்டட்டும். துடைக்கிற துணி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

தனியாகக் கடைக்கு அனுப்பலாமா? சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது.

சாலையைக் கடக்காமல் போகிற கடை என்றால் ஏழெட்டு வயதிலேயே அனுப்பலாம். பெரிய சாலையைக் கடப்பது வேறு விஷயம், அதில் நான் கறாராக இருப்பேன். தூரத்தில் வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது, நாம் கடப்பதற்குள் வந்துவிடுமா என்று கணிப்பது ஒன்பது, பத்து வயதுக்கு முன் பிள்ளைகளுக்குச் சரியாக வராது. புத்திசாலிப் பிள்ளைக்கும் அப்படித்தான். அந்தக் கணிப்பு வளர வருடங்கள் ஆகும். உயரமும் ஒரு காரணம். நிறுத்தி வைத்த காருக்கும் ஆட்டோவுக்கும் நடுவிலிருந்து வெளியே வரும் பிள்ளையை ஓட்டுபவரால் பார்க்கவே முடியாது.

பழக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. சேர்ந்து போகும்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடக்காதீர்கள். ஓரத்தில் நின்று, "எப்ப போகலாம்னு நீ சொல்லு" என்று கேளுங்கள். அவள் "இப்ப" என்றதும், சரியாக இருந்தால் போங்கள். தப்பாக இருந்தால் நகராமல் நின்று அந்த வண்டி கடந்து போவதைக் காட்டுங்கள். தொடர்ந்து பல வாரங்கள் அவள் சொல்வது சரியாக வந்தால் தனியே கடக்கலாம்.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு பாடம் உண்டு. ஒருவழிச் சாலையானாலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், எதிர்த் திசையில் பைக் வரும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னால் ஓடிக் கடக்கவே கூடாது. பஸ் கிளம்பிப் போகட்டும், சாலை கண்ணுக்குத் தெரியட்டும், பிறகு கடக்கலாம்.

பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் தனியாக அனுப்புவது எப்போது?

ஆறாம், ஏழாம் வகுப்பில் நிறையப் பிள்ளைகளுக்கு முடியும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. காசு தடையில்லை, நம் மனசுதான் தயாராக வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் அப்பா செய்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதலில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சில நாள் கழித்து அதே பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் போனார். காவிரிப் பாலம் தாண்டியதும் எழுந்து வாசல் பக்கம் நகர வேண்டும், இல்லாவிட்டால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற கூட்டம் இறங்க விடாது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அப்புறம் அவர் பஸ்ஸில் ஏறவில்லை, பைக்கில் வந்து சத்திரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அதுவும் நின்றது. ஒருநாள் கூட்டத்தில் இறங்க முடியாமல் மெயின்கார்டு கேட் வரை போய்விட்டாள். அங்கே பூ விற்கிற அம்மாவிடம் வழி கேட்டு நடந்தே பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அன்று மாலையே அவள் அப்பா பதறிப்போய் வந்தார், "பஸ்ஸை நிறுத்திடட்டுமா மிஸ்?" என்று. இனிமேல்தான் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றேன். தப்பான இடத்தில் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அதை வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

படிக்கட்டில் நிற்கக் கூடாது. இதில் மட்டும் பேச்சுவார்த்தை வேண்டாம், முக்கியமாகப் பையன்களிடம். கூட்டமாக வந்தால் அடுத்த பஸ்ஸில் வா, லேட்டானாலும் பரவாயில்லை என்று நீங்கள் வாயால் சொல்லியிருக்க வேண்டும். லேட்டுக்குத் திட்டு விழும் என்று பயந்துதான் பாதிப் பேர் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்.

வீட்டில் தனியாக விடலாமா?

பத்து வயதுக்கு மேல், கால் மணி நேரத்தில் தொடங்கி, மெல்ல நேரத்தைக் கூட்டலாம். அம்மா அப்பா நம்பர் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். போன் சார்ஜ் இல்லாதபோது போனில் உள்ள நம்பர் உதவாது. அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. யார் மணி அடித்தாலும் உள்ளே இருந்தே பேச வேண்டும், பார்சலாக இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்ல வேண்டும். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடைத் தொடக் கூடாது. மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதை இதோடு சேர்க்காதீர்கள். தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று வயதுத் தம்பியைப் பார்க்கத் தெரியும் என்று சொல்ல முடியாது.

அடுப்பு?

எட்டு வயதில் தோசைக்கு மாவு ஊற்றலாம், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது. பதினொன்று, பன்னிரண்டில் தானே அடுப்பைப் பற்ற வைத்து முட்டை, தோசை, டீ, சாதம் வரை வந்துவிடலாம். லைட்டரில் பற்றாவிட்டால் உடனே திருகை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வர வேண்டும். கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906. குக்கரில் பிரஷர் தானாக இறங்குகிறவரை மூடியைத் தொடக் கூடாது. தாவணி, துப்பட்டா போட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்கு வரக் கூடாது. இவ்வளவும் பழகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. உப்பு கூடினால் கூடட்டும், அன்றைக்கு எல்லோரும் சாப்பிடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தால்தான் படிக்கிறாள். எழுந்துபோனால் நோட்டை மூடிவிடுகிறாள். என்ன செய்வது?

ஆசிரியை என்பதால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1976இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் மரக்கட்டைகளைக் கொடுத்து, ஒரு ஆசிரியை உதவியோடு கோபுரம் கட்டச் சொல்லி, உதவி எப்படி இருந்தால் பிள்ளை கற்றுக்கொள்கிறது என்று பார்த்தார்கள். அந்த உதவியைக் கட்டடத்துக்குக் கட்டுகிற சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர் எழும்பும்வரை சாரம் வேண்டும், எழும்பிய பிறகு அவிழ்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் சாரத்தைக் கட்டுகிறோம், அவிழ்ப்பதே இல்லை. மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒன்பதாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் வேலைக்குப் போய் அலுத்து வந்து.

ஒரே நாளில் எழுந்து போய்விடாதீர்கள். முதல் வாரம் அதே அறையில் உங்கள் வேலையைப் பாருங்கள், நோட்டைப் பார்க்க வேண்டாம். இன்று என்னென்ன வேலை இருக்கிறது, எதை முதலில் செய்யப் போகிறாள் என்று ஒரு துண்டுத் தாளில் அவளே எழுதட்டும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். கஷ்டமான கணக்கைக் கடைசிக்கு வைத்துத் தூங்கி வழிந்தால், மறுநாள் வரிசையை அவளே மாற்றுவாள். புரியவில்லை என்று வந்தால், எது வரை புரிந்தது என்று கேளுங்கள். அதற்கு அடுத்த படியை மட்டும் காட்டிவிட்டு விலகுங்கள். அடுத்த வாரம் வேறு அறைக்குப் போகலாம். முடிந்ததும் நோட்டைக் கொண்டுவந்து காட்டினால் போதும். தப்பு இருந்தால் திருத்தாதீர்கள். அந்தத் தப்பு என்னிடம் வரட்டும். அம்மா திருத்தி அனுப்பிய நோட்டைப் பார்த்தால் எந்தக் கணக்கு புரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதை ஆரம்பித்ததும் முதல் மாதத் தேர்வில் மதிப்பெண் குறையலாம். குறைந்ததும் பழையபடி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. ஆறு, ஏழாம் வகுப்புத் தேர்வில் பத்து மதிப்பெண் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பத்தாம் வகுப்பில் ஆரம்பித்தால் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. அதனால் ஆறிலேயே ஆரம்பியுங்கள்.

நோட்டை, டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போகிறான். கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

சாப்பாடு என்றால் கொடுங்கள். நோட்டு என்றால் வேண்டாம். என் வகுப்பில் நோட்டை மறந்த பிள்ளை ஒரு தாளில் எழுதி மறுநாள் ஒட்டிவிடும், அவ்வளவுதான் தண்டனை. முந்தின நாள் இரவே பையை அடுக்குவது பிள்ளையின் வேலை என்று ஆக்கிவிட்டு, நடுவில் ஒரு தடவைகூடப் பையைத் திறந்து பார்க்காதீர்கள்.

பையன் சரி. பெண்பிள்ளையை எப்படித் தனியே விடுவது?

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் பயம் நிஜமானது. ஆனால் ஆபத்து பெண்பிள்ளைக்கு மட்டும் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. துன்புறுத்துகிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த ஆளாகவே இருக்கிறார். அதனால் வெளியே விடாமல் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல் சொல்லிக் கொடுங்கள்: உடம்பில் யார் எங்கே தொடக் கூடாது, பிடிக்காவிட்டால் சத்தமாக "கையை எடு" என்று சொல்வது, பஸ்ஸில் என்றால் உடனே கண்டக்டரிடமோ பக்கத்திலிருக்கும் பெண்களிடமோ போவது, அது மாமாவோ தாத்தாவோ யாராக இருந்தாலும் வீட்டில் வந்து சொல்வது. சொன்ன பிள்ளையை "நீ ஏன் அங்க போன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எனக்கு மனம் ஆறாத ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை சைக்கிளில் வந்த பெண், வயதுக்கு வந்ததும் ஆட்டோவுக்கு மாறிவிடுவாள். விளையாட்டு மைதானத்துக்கு வருவதும் நின்றுவிடும். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குப் புரியாது. இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போன பிறகு, பதினொன்றாம் வகுப்பில் அரசு அவளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. அப்போது அதை மெயின் ரோட்டில் ஓட்ட அவளுக்குப் பயமாக இருக்கிறது. பழகிய கையைப் பாதியில் பிடித்து நிறுத்தியது நாம்தான். மாதவிடாயைப் பொறுத்தவரை அவளுக்கு வேண்டியது பையில் ஒரு சின்ன பவுச்: இரண்டு பேட், ஒரு மாற்று உள்ளாடை, சுற்றிப் போடப் பேப்பர். தேதியை அவளே குறித்து வைக்கட்டும். அரசின் புதுயுகம் திட்டத்தில் பள்ளியிலும் நாப்கின் கிடைக்கும். இதற்காக எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

பையன் சரி என்றும் என்னால் விட முடியவில்லை. ஊரெல்லாம் தனியாகச் சுற்றுகிற பையனுக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவத் தெரியாது, தன் சட்டையைத் துவைக்கத் தெரியாது. பதினேழு வயதில் ஹாஸ்டலுக்குப் போனதும் திண்டாடிப்போகிறான். பெண்ணுக்கு வெளியைக் கொடுங்கள், பையனுக்கு வீட்டைக் கொடுங்கள்.

பாட்டி, தாத்தா விடமாட்டேன் என்கிறார்களே?

"நாங்க இருக்கும்போது பிள்ளை எதுக்குத் தட்டு கழுவணும்?" என்பார்கள். பிள்ளைக்கு முன்னால் வாதாடாதீர்கள். கற்றுக்கொடுக்கும் வேலையையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். "அத்தை, இவளுக்கு அரிவாள்மனையில காய் நறுக்க நீங்கதான் சொல்லித் தரணும், எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல" என்று கேட்டுப் பாருங்கள். பேத்தி நறுக்கிய வாழைப்பூவைப் பாட்டியே அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுவார்.

பாக்கெட் மணி கொடுக்கலாமா? வங்கிக் கணக்கு?

கொடுக்கலாம், வாரத்துக்கு இவ்வளவு என்று. அதை எப்படிச் செலவழித்தாய் என்று கணக்குக் கேட்காதீர்கள். திங்கட்கிழமையே ஐஸ்கிரீமில் முடிந்துவிட்டால் வெள்ளி வரை காத்திருக்கட்டும், நடுவில் நிரப்ப வேண்டாம். மதிப்பெண்ணுக்குக் காசு என்ற வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் இதற்கான விதிகளைத் திருத்தி வெளியிட்டது. எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் அட்டை உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். எனக்கு அஞ்சலகக் கணக்குதான் பிடிக்கும். 500 ரூபாயில் தொடங்கலாம், பத்து வயதுக்கு மேல் பிள்ளையே கையெழுத்துப் போடலாம். படிவத்தை நிரப்பி, கவுண்டரில் தானே பேசிப் பணம் கட்டுவதே பிள்ளைக்கு ஒரு பாடம். உங்கள் போனின் யுபிஐ பின் எண்ணைப் பிள்ளையிடம் சொல்லிக் கடைக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

சொந்த போன் எப்போது?

தனியாகப் பயணம் செய்கிற பிள்ளைக்குப் பட்டன் போன் போதும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுமே பதிமூன்று வயதுக்குக் கீழ் அனுமதிப்பதில்லை. வீட்டிலேயே பிறந்த வருடத்தை மாற்றிக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டுப் பொய் சொல்லாதே என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது. இரவில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். இணையத்தில் பணம் ஏமாந்தால் அழைக்க வேண்டிய எண் 1930. எந்தப் படத்தை யார் அனுப்பச் சொல்லி மிரட்டினாலும் உடனே உங்களிடம் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன மறைக்கிறாள்?

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பதிமூன்று வயதில் தனியாக இருக்கத் தோன்றும். தட்டிவிட்டு உள்ளே போங்கள். டைரியைப் படிக்காதீர்கள். சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த தோழிகளோடும் பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது வேறு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நண்பர்களோடு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறேன் என்கிறான். விடலாமா?

பெரியவர் துணை இல்லாமல் விடாதீர்கள். இவ்வளவு நேரம் விடுங்கள், விடுங்கள் என்று சொன்ன நான் இங்கே விடமாட்டேன் என்கிறேன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய குழிகள் இருக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே போனால் அடுத்த அடி ஆள் ஆழத்தில் இருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். நேற்று மணலாகக் கிடந்த இடத்தில் இன்று இழுக்கிற தண்ணீர் ஓடும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் குடும்பத்தோடு போனாலும் படித்துறையைத் தாண்ட விடாதீர்கள்.

அதற்காகத் தண்ணீரே வேண்டாம் என்று வைக்காமல், கோடை விடுமுறையில் நீச்சல் பழக்குங்கள். மகளுக்கும்தான். நண்பன் மூழ்கினால் தானும் குதிக்கக் கூடாது, கயிறு, துண்டு, கம்பு எதையாவது நீட்ட வேண்டும், சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்துப் போகிற செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது.

பதினைந்து வயதாகிறது, ஸ்கூட்டர் கேட்கிறான்.

கூடாது. ஐம்பது சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறில் உரிமம் வாங்கலாம். நம் தெருவில் ஓடுகிற ஸ்கூட்டர் எல்லாம் அதற்கு மேல், அவற்றுக்குப் பதினெட்டு ஆக வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிம வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. "டியூஷனுக்கு மட்டும்தான்" என்பது எந்த இன்ஸ்பெக்டரிடமும் செல்லாது. நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பதை அவனே முடிவு செய்யலாமா?

அவன்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறாம் வகுப்பில் கத்தரிக்காயில் ஆரம்பித்த பிள்ளை இங்கே தடுமாற மாட்டான். உங்கள் வேலை விவரங்களை முன்னால் வைப்பது. மருத்துவம் என்றால் உயிரியல் வேண்டும், பொறியியல் என்றால் கணிதம் வேண்டும், வணிகவியல் எடுத்தால் ஆடிட்டர் படிப்பு வரை வழி இருக்கிறது, பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் பத்தாம் வகுப்போடே சேரக் கூடியவை. மே மாதம் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல், அதற்கு முன்பே அந்தந்தப் படிப்பில் இருக்கிற அக்கா அண்ணன்களிடம் அவனையே போய்ப் பேசச் சொல்லுங்கள். உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் ஒரு தடவை காரணத்தோடு சொல்லுங்கள், அழுது சொல்லாதீர்கள்.

விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஏதாவது குறைந்தால் இ-சேவை மையத்தில் அவனே வரிசையில் நிற்கட்டும். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் கவுண்டரில் பேசுவது அவனாக இருக்கட்டும்.